பிரேக் பார்த்த நாள்

எங்கள் டாக்ஸிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. எடுக்க வேண்டும். விளக்கு, ஹாரன், டயர், புகை, பிரேக் எல்லாவற்றையும் பார்த்து, இது ரோட்டில் ஓடத் தகுந்த வண்டிதான் என்று எழுதிக் கொடுப்பார்கள். புது வண்டியாக இருந்தபோது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை போனால் போதும் என்று விட்டுவைத்தார்கள். எட்டு வயசு தாண்டியதும் வருஷா வருஷம் வா என்றார்கள். எங்கள் வண்டி எட்டைத் தாண்டி வெகு நாளாகிவிட்டது.

ஓட்டுவது என் வீட்டுக்காரர். வாயடிப்பது நான். எங்கள் தொழிலில் அப்படித்தான் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். யார் வீட்டுப் பிள்ளையை ஏற்றுவது, எந்த லாட்ஜில் சவாரி கேட்பது, வண்டி லேட்டானால் யாருக்கு என்ன சமாதானம் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருப்பார். அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுவிடுவேன். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "ஐயோ, அந்தம்மாவா!" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காலையில் நாலு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் எங்களுக்கு நிரந்தரச் சவாரி. மூன்று பேர் எங்கள் தெருப் பிள்ளைகள். நாலாவது, பிரான்ஸ் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பேத்தி. முன் சீட்டு கிடைக்காத அன்றைக்கு வண்டியே அதிரும்படி அழுவாள். என் வீட்டுக்காரர் அவளுக்காகவே மற்றவர்களை முறை வைத்து உட்கார வைப்பார். இந்த நாலு பேரையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, நாலு அம்மாக்களும் கவலையில்லாமல் சமையலைப் பார்க்கப் போவார்கள். எங்களுக்கு அந்த நம்பிக்கைதான் சோறு போட்டது.

இந்த வருஷம் எஃப்.சி.க்கு நாலைந்து மாதம் இருக்கும்போதே அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"பிரேக்கு சரியா புடிக்கல."

முதல் தடவை சொன்னதும் முத்தியால்பேட்டைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அங்கே ஒரு தம்பி பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் வண்டியை அதன் நடு வயசிலிருந்து அவர்தான் பார்க்கிறார். என்னை அண்ணி என்பார், என் வீட்டுக்காரரை அண்ணே என்பார். சக்கரத்தைக் கழற்றி, லைனிங் தேய்ந்திருக்கிறது என்று மாற்றிப் போட்டார். பத்து நாள் கழித்து என் வீட்டுக்காரர் மறுபடி, "ம்ஹும், புடிக்கல" என்றார். மறுபடி போனோம். பிரேக் ஆயிலை மாற்றினார். அதற்கும் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை பிரேக் சிலிண்டரையே மாற்றினார். தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் ஒரு சுற்று போய்வந்து, "கல்லு மாதிரி நிக்குதுண்ணே" என்று சொன்னார். மறுநாள் சாயங்காலமே என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! நேராகப் பட்டறைக்குப் போனேன். டீக்கடையில் நாலு பேர், பஞ்சர் கடையில் இரண்டு பேர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆள் இருந்தால் இன்னும் சத்தம் கூடும்.

"மூணு வாட்டி கழட்டி மாட்டியும் ஒரு பிரேக்கு புடிக்கலன்னா நீ எதுக்குப் பட்டறைன்னு ஒண்ணு வச்சிக்கினு இருக்க? நாலு பிள்ளைங்க போற வண்டி தம்பி அது! ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சிக்குவ?"

"அண்ணி, லைனிங் மாத்திட்டேன், ஆயில் மாத்திட்டேன், சிலிண்டரும் மாத்திட்டேன். இன்னும் மாத்தணும்னா வண்டியத்தான் மாத்தணும்."

"வேலை தெரியாதவனுக்குப் பேச்சு மட்டும் நல்லா வரும்!"

தம்பிக்கு முகம் சுண்டிப் போனது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு, விடு. அவன் என்ன பண்ணுவான்" என்றார். இவர் இப்படி இளிச்சவாயராக இருப்பதால்தான் ஊரே நம்மை ஏய்க்கிறது என்று வழி முழுக்க அவரையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

எஃப்.சி. நாள் நெருங்கியது. எஃப்.சி. எடுப்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. தம்பியின் பட்டறைச் சுவரில் நாலு நல்ல டயர் தொங்கும். வரிகள் எல்லாம் ஆழமாக, புதுசு போல இருக்கும். அந்த டயர்கள் ரோட்டில் ஓடுவதே கிடையாது. எஃப்.சி.க்குப் போகிற வண்டிக்கு அன்று காலையில் மாட்டி, திரும்பி வந்ததும் கழற்றி மறுபடி சுவரில் மாட்டிவிடுவார்கள். தீயணைப்பு சிலிண்டர், முதலுதவிப் பெட்டி எல்லாம் அப்படித்தான், ஒருத்தர் மாற்றி ஒருத்தர். பெண் பார்க்க வரும் அன்றைக்குப் பக்கத்து வீட்டுச் செயினை வாங்கிப் போட்டு உட்கார வைப்பார்களே, அந்த மாதிரி. எங்கள் சொந்த டயர் வழவழவென்று ஆகிவிட்டது எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் வரும், இன்னும் கொஞ்ச நாள் வரும் என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். அதில்தான் அந்த நாலு பிள்ளைகளும் போய்வந்தார்கள். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அன்று காலை மாதா படத்துக்கு மல்லிகைச் சரம் சாத்தி, போனெட்டில் சிலுவை போட்டுக் கிளம்பினோம். தம்பியும் எங்கள் கூடவே வந்தார். டயரைத் திரும்ப வாங்கிப் போக வேண்டும் என்றார். தன் பிரேக் வேலை பாஸ் ஆகிறதா என்று கண்ணால் பார்க்கத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும். நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முன்பெல்லாம் இன்ஸ்பெக்டரே ஏறி உட்கார்ந்து, மைதானத்தில் வேகமாக ஓட்டி, சட்டென்று மிதித்து, வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். இப்போது மெஷின் வந்துவிட்டது. தரையில் உருளைகள் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் சக்கரத்தை நிறுத்தினால் உருளை சக்கரத்தைச் சுழற்றும். நம் டிரைவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். எவ்வளவு பிடிக்கிறது என்று எதிரே திரையில் நம்பர் ஏறும்.

என் வீட்டுக்காரர் மிதித்தார். நம்பர் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது.

"நல்லா மிதிங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"மிதிச்சிட்டேன் சார்."

"முழுசா மிதிங்க."

"முழுசாத்தான் சார் மிதிச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "பத்தாது. ஓரமா நிறுத்தி என்னன்னு பாத்துட்டு, கடைசில இன்னொருவாட்டி வாங்க. அப்பவும் இதே மாதிரின்னா ஃபெயில்தான்."

நான் தம்பியைப் பார்த்த பார்வையில் அவர் அங்கேயே செத்திருக்க வேண்டும். நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். நான் சும்மா இருப்பேனா? "பாத்தியா? மெஷினே சொல்லிடுச்சு. நான் சொன்னா வாயாடி, இப்ப மெஷினும் வாயாடியா?" என்று குனிந்து குனிந்து கேட்டேன். அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம் மட்டும் வந்தது.

அப்போது மத்தியானம் ஆகிவிட்டது. அந்த இடம் முழுக்க சிமெண்ட் தரை, ஒரு மரம் கிடையாது. செருப்புக்குள்ளேயே என் பாதம் சுட்டது. என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இறங்கி, வெயிலில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அவரை நிழலுக்குக் கூப்பிடத் திரும்பினேன்.

அவருடைய ஒரு காலில் செருப்பு இல்லை.

வலது கால். வெறுங்காலை அந்தச் சிமெண்டில் முழுசாகப் பதித்து நின்றார். காலை மாற்றவில்லை. குதிக்கவில்லை. சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். செருப்பு பிரேக் பெடலுக்குக் கீழே கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை.

 அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போவோம். டாக்டர் ஒவ்வொரு தடவையும், "கால்ல உணர்ச்சி எல்லாம் நல்லா இருக்கா? மரமரப்பு ஏதாவது?" என்று கேட்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான், "அதெல்லாம் ஜம்முனு இருக்காரு டாக்டர், நாள் பூரா வண்டி ஓட்றாரு" என்று சொல்லிவிடுவேன். வெளியே இன்னும் பத்து வேலை கிடக்குமே. அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுவார். போன மாதம் பைக் சைலன்சர் பட்டுக் கணுக்காலில் கொப்புளம் வந்தபோதும், சுட்டதே தெரியவில்லையா, எருமைத் தோலா உங்களுக்கு என்று கேலி பண்ணிக்கொண்டே களிம்பு தடவினேன். எருமைக்கும்கூடச் சுட்டால் தெரியும்.

செருப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் போட்டேன். அவர் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மாட்டிக்கொண்டார். 

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய கூத்து. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வண்டியில் ஒரு கோளாறும் கிடையாது, மிதிக்கிற காலில்தான் உணர்ச்சி இல்லை என்று நன்றாகப் புரிந்துவிட்டது. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எஃப்.சி. நாளில் எனக்கு ஒரே புத்திதான் ஓடும். நம்மிடம் எது இல்லையோ அதை இரவல் வாங்கு, காட்டு, பாஸ் ஆகு. டயர் இரவல், தீயணைப்பு சிலிண்டர் இரவல். கால் மட்டும் என்ன?

"சார், அவரு காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, தலை சுத்துதுன்றாரு. இந்தத் தம்பி ஏறட்டும் சார்," என்றேன் இன்ஸ்பெக்டரிடம். கொஞ்சம்கூட நாக்கு குழறவில்லை.

தம்பி ஏறி மிதித்தார். நம்பர் சரசரவென்று ஏறியது. இன்ஸ்பெக்டரே, "இதுக்கென்னய்யா, நல்லாத்தானே இருக்கு" என்றார். இரண்டு பக்கமும் சரிசமமாகப் பிடித்தது. பாஸ்.

தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கி வந்து என் முன்னால் நின்றார். "பாத்தீங்களா அண்ணி? வேலை தெரியாதவன்னு சொன்னீங்களே! முதல்ல பிரேக் லைன்ல ஏதோ காத்து புடிச்சிருந்திருக்கு, இப்ப எடுத்துவிட்டேன். எம்மேல ஒரு தப்பும் இல்ல, பாத்துக்கோங்க!" என்றார். காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. "சரி சரி, விடு" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது.

வீட்டுக்கு அவர்தான் ஓட்டி வந்தார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ரயில்வே கேட்டில் எல்லா வண்டியும் நின்றது. அவர் பெடலை மிதித்தார், அதோடு ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது, பல நாளாக அவர் இப்படித்தான் நிறுத்துகிறார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

வீட்டில் அவர் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கால் சிவந்து, விரலடியில் நீர் கோத்திருந்தது. ஈரத் துணியை வைத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் அவரும் சுளித்தார்.

"எத்தினி நாளா?" என்றேன்.

"பெருவிரல்லதான் முதல்ல. அப்புறம் பாதம். பெடலு இருக்கான்னு சில நேரம் கண்ணால பாத்துக்கணும்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"பிரேக்கு புடிக்கலன்னு சொல்லிக்கினேதான இருந்தேன்."

"அது வண்டிய சொன்னீங்க!"

 எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நாலு பிள்ளைங்கள ஏத்திக்கினுதான தினம் போனீங்க? ஒண்ணு ஆயிருந்தா? அந்தக் குட்டி முன்னாடி உக்காந்திருக்குமே, மாதாவே!"

"மெதுவாத்தான் போவேன். ஹேண்ட் பிரேக்க புடிச்சிக்கினேதான் போவேன்," என்றார். அப்புறம், "இந்த வாட்டி எஃப்.சி.ல ஃபெயில் பண்ணிடுவாங்கன்னு நெனச்சேன். பழைய வண்டி, பிரேக்கு போச்சு, ஓரங்கட்டிட்டோம்னு சொல்லிக்கலாம். வண்டியாலதான் நின்னேன், காலால இல்லன்னு இருக்கும்" என்றார்.

நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அவர் வண்டியை ஃபெயில் ஆக்கக் கொண்டுபோனார். நான் கெட்டிக்காரத்தனமாக அதைப் பாஸ் ஆக்கிக் கொண்டுவந்துவிட்டேன்.

அவர் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே நாலு வீட்டுக்கும் போன் போட்டேன். "எஃப்.சி.ல ஃபெயில் பண்ணிட்டாங்க. பிரேக்கு சரியில்லையாம். பழைய வண்டிதான, இனிமே ஓட்ட வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். பிள்ளைக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க." இதைச் சொன்னபோது எனக்கு உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிள்ளைகள் தப்பித்தார்கள், அவர் மானமும் தப்பித்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

சொல்தா வீட்டம்மா மட்டும் விடவில்லை. "மோன் தியே, கடவுளே! பிரேக்கு இல்லாத வண்டியிலயா எங்க புள்ள போச்சு? எந்த மெக்கானிக்குகிட்ட விட்டீங்க?"

நான் சொன்னேன். எந்தத் தெரு, எந்தப் பட்டறை என்று அடையாளத்தோடு சொன்னேன். "மூணு வாட்டி பாத்தாங்க, சரி பண்ணவே இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டேன். உள்ளே என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கை நின்றது. பிறகு மறுபடி பிசைய ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் பேச்சு நடந்து போகாது, ஓடும். ஒரு வாரத்துக்குள் தம்பி எங்கள் வாசலில் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து தெருவில் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்த நேரம். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணி, வண்டி பாஸ் ஆச்சா, இல்லையா? நானே மிதிச்சேன், நானே பாத்தேன். நீங்க ஏன் ஃபெயில்னு சொல்றீங்க? ரெண்டு வண்டி வேற எடத்துக்குப் போயிடுச்சு. பள்ளிக்கூட வேன்காரரு என்னைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. பிள்ளைங்க உயிரோட வெளையாடுறவன்னு பேரு வந்துடுச்சு அண்ணி."

தெரு என்னைப் பார்த்தது. சொல்லிவிட வேண்டியதுதானே? ஒரு வார்த்தை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த மனுஷனை நினைத்தேன். தெரு முழுக்கப் பார்க்க, கால் விளங்காத டிரைவர் என்று அவரை எப்படிச் சொல்வேன்?

"மூணு வாட்டி நீ பாத்தும் சரியா புடிக்கலதான?" என்றேன். "அதத்தான் சொன்னேன். நான் என்ன இல்லாததையா சொன்னேன்?"

சொல்லும்போதே எனக்குக் கன்னம் எரிந்தது. தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஒரு நல்ல வேலைக்காரனை நான் இரண்டாவது தடவையாக நடுத்தெருவில் வைத்து அறைந்துகொண்டிருந்தேன். முதல் தடவை தெரியாமல். இந்தத் தடவை தெரிந்தே.

பின்னால் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நான், "நீங்க உள்ள போங்க" என்றேன். அவர் என்னைக் கையால் ஒதுக்கினார். எங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அப்படிச் செய்ததில்லை.

"வண்டி பாஸ்தாம்பா," என்றார் தம்பியிடம். தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "உன் வேலையில ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் கால்ல உணர்ச்சி போயிடுச்சு. மிதிக்கிறனா இல்லையான்னே தெரியல. அதான் வண்டிய நிறுத்திட்டோம். அவ எனக்காகச் சொன்னா. தப்பா நெனச்சிக்காத."

 எதிர்வீட்டு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தம்பிக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, படியில் ஏறி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்தக் காலுண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டும்தான்," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அது வரைக்கும் வலது கால் மட்டும்தான் தெரியும்.